வலிக்காத காதும் அவசரமும்

உடம்பில் ஏதாவது சரியில்லை என்றால் அது எவ்வளவு தீவிரம் என்பதை வலியைக் கொண்டு அளப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். பெரும்பாலும் அந்த அளவுகோல் நம்மைக் கைவிடுவதில்லை. காதுக்கு மட்டும் அந்தக் கணக்கு ஒத்து வருவதில்லை என்பது சில ஆண்டுகளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் எண்ணம். எங்கள் குடும்பத்திலேயே அதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. அண்ணனுடைய மூன்று வயது மகன் ஒரு நள்ளிரவில் காதைப் பிடித்துக்கொண்டு கதறிய கதறலில் வீடே விழித்துக்கொண்டது. உடனே அவனைத் தூக்கிக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். விடிவதற்குள் காதிலிருந்து மஞ்சளாகச் சீழ் வழிந்தது, அழுகை நின்றது, பிள்ளை தூங்கிவிட்டான். சில வாரங்களில் அவனுடைய செவிப்பறை தானாகவே மூடிக்கொண்டது. பெரியம்மா மகளான அக்காவுக்கோ ஒரு காலையில் எழுந்தபோது இடது காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. "சளி பிடித்திருக்கும், தானாகத் திறந்துகொள்ளும்" என்று அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இந்த இரண்டில் எதற்கு ஓட வேண்டும் என்று அன்று யாரைக் கேட்டிருந்தாலும் குழந்தையைத்தான் காட்டியிருப்பார்கள். குழந்தைக்கு ஓடியதில் தவறில்லை. ஆனால் மணிக்கணக்கு பார்த்திருக்க வேண்டிய காது அக்காவுடையது.

கதறும் காது

குழந்தைகளுக்கு வரும் காதுவலியில் பெரும்பகுதி நடுக்காதில் வருவது. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாகவும் சரிவாகவும் அமைந்திருக்கும். சிறு குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறையப் படுக்கை வாட்டத்திலும் இருக்கும். சளி பிடித்து அந்தக் குழாயின் வாய் வீங்கிவிட்டால், உள்ளே நீர் தேங்கிச் சீழாகிச் செவிப்பறையை வெளிப்புறமாக உப்பவைக்கிறது. கதறலுக்குக் காரணம் அந்த இழுவிசைதான். பறையில் சிறு துளை விழுந்து சீழ் வெளியேறியதும் அழுத்தம் இறங்கிவிடும், வலியும் போய்விடும். சீழைக் கண்டு பெற்றோர் பதறும் நேரமும் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும் நேரமும் ஒன்றாக அமைவது இதனால்தான்.

இந்தத் தொற்று பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் தணியத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டு வயதைக் கடந்த, மற்றபடி நன்றாக இருக்கிற பிள்ளைக்கு லேசான வலி என்றால், எடைக்கு ஏற்ற அளவில் பாரசிட்டமால் கொடுத்து, இரண்டு மூன்று நாள் கவனித்துவிட்டு ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி முடிவெடுக்கலாம் என்று மருத்துவர்களே இப்போது சொல்கிறார்கள். மருந்து எழுதித் தராத மருத்துவரைக் கண்டு கோபப்படும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது. ஆனால் அந்தப் பொறுமைக்கு எல்லை உண்டு. ஆறு மாதம் நிறையாத குழந்தை, இரு காதிலும் தொற்று உள்ள இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, 39 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல், காதிலிருந்து வடியும் சீழ், இரண்டு நாளாகியும் குறையாத வலி ஆகியவற்றில் காத்திருக்கக் கூடாது. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேடு சிவந்து வீங்கி, காது மடல் முன்புறம் தள்ளிக்கொண்டு நிற்பதைக் கண்டால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொற்று அந்த எலும்புக்குள் இறங்கிவிட்டதன் அடையாளம் அது. கழுத்தை வளைக்க முடியாமை, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவையும் அப்படியே.

பெரியவர்களின் காதுவலி பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகிறது. துவாரத்துக்கு முன்னால், முகத்தை ஒட்டி நிற்கும் அந்தச் சிறு குருத்தெலும்பு மடலை விரலால் அழுத்திப் பாருங்கள். உயிர் போவது போல் வலித்தால், தொற்று அநேகமாக வெளிக்காதின் குழாயில் இருக்கிறது. நடுக்காதுத் தொற்றில் மடலை அழுத்தினால் பொதுவாக இப்படி வலிப்பதில்லை. அடிக்கடி தண்ணீர் புகுந்து ஊறிய தோலைக் குச்சியாலோ ஹேர்பின்னாலோ சுரண்டினால் கிருமி குடியேறும். சில சமயம் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். அப்போது வலியைவிட அரிப்புதான் மிஞ்சி நிற்கும். இதற்குப் பெரும்பாலும் மாத்திரையைவிடச் சொட்டு மருந்தும், உள்ளே தேங்கிய கசடை மருத்துவர் துடைத்தெடுப்பதும், சில நாள் தண்ணீர் படாமல் காப்பதுமே போதும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கோ நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கோ, சொட்டு மருந்து போட்ட பிறகும் அடங்காமல், இரவில் தூங்கவிடாத அளவுக்கு ஆழமாக ஒரு காது வலித்தால், தொற்று மண்டையோட்டின் அடி எலும்பைத் தின்னத் தொடங்கியிருக்கலாம். அங்கே வலி பொய் சொல்வதில்லை. வலியை நம்பாதே என்பதல்ல என் கட்சி. வலி இல்லாததை நம்பாதே என்பதுதான்.

வலி காதில் இருக்கும், நோய் வேறெங்கோ இருக்கும் என்ற நிலையும் உண்டு. காது, தாடை, பல், தொண்டை ஆகியவற்றின் உணர்வு நரம்புகள் பின்னிப் பிணைந்திருப்பதால், கடைவாய்ப் பல்லோ தாடை மூட்டோ கொடுக்கும் தொல்லை காதில் எதிரொலிக்கும். மருத்துவர் பார்த்து "காது நன்றாக இருக்கிறது" என்று சொன்னதோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். வாரக்கணக்கில் ஒரே காது வலித்து, விழுங்குவதில் சிரமமோ குரல் கம்மலோ கழுத்தில் கட்டியோ சேர்ந்திருந்தால், அதிலும் புகைக்கும் பழக்கமோ புகையிலைப் பழக்கமோ உள்ளவராக இருந்தால், தொண்டையைக் காட்டாமல் விடக் கூடாது. தொண்டைப் புற்றுநோய் இப்படிக் காதுவலியாகத் தலைகாட்டுவதுண்டு.

குறும்பி என்னும் சாக்கு

காது அடைத்தால் நாம் முதலில் பழிபோடுவது குறும்பியின் மேல். பல நேரம் அது நியாயமான பழிதான். ஆனால் குறும்பி அழுக்கு அல்ல. ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக் குழாயின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே அது சுரக்கிறது. தூசியைப் பிடித்துக்கொள்கிறது, தண்ணீர் ஊறாமல் தோலைக் காக்கிறது. காதுக் குழாயின் தோல் மிக மெதுவாக உள்ளிருந்து வெளியே நகர்ந்துகொண்டே இருப்பதால், நாம் பேசும்போதும் மெல்லும்போதும் அசையும் தாடையின் உதவியோடு குறும்பி தானாகவே வாசலுக்கு வந்து உதிர்கிறது. குழாயின் ஆழத்தில் கெட்டியாகக் குறும்பி உட்கார்ந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் பஞ்சுக் குச்சியோ இயர்போனோ காதுக் கருவியோ அதை உள்ளே தள்ளியிருக்கிறது என்று பொருள். பஞ்சுக் குச்சியின் நுனியில் ஒட்டிவரும் பழுப்பைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள், ஒட்டாமல் உள்ளே போனதைப் பார்ப்பதில்லை. காதில் செருகி எரிக்கும் மெழுகுத் திரியைப் பற்றிச் சொல்லவும் வேண்டாம்: எரித்த பின் அதில் தங்கியிருக்கும் பசை அந்தத் திரியின் மெழுகுதான்.

உண்மையிலேயே அடைத்திருந்தால் ஆலிவ் எண்ணெயோ, மருந்துக் கடையில் கிடைக்கும் குறும்பி கரைக்கும் சொட்டுகளோ சில நாளில் இளக்கிவிடும். அதற்கும் அசையாததை மருத்துவர் உறிஞ்சியோ, உடல் சூட்டுக்கு இணையான நீரைப் பீய்ச்சியோ எடுப்பார். நீர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் உட்காது தடுமாறி அறையே சுற்றும். செவிப்பறையில் துளை இருப்பவரும், முன்பு காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரும் மருத்துவரைக் கேட்காமல் காதில் எதையும் ஊற்றக் கூடாது.

இவ்வளவு விரிவாகக் குறும்பியைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறும்பி அடைப்பு பெரும்பாலும் வலிப்பதில்லை. குளித்து முடித்ததும் ஊறி உப்பி, சட்டென்று ஒரு காதை மூடிவிடும். சளி அடைப்பும் அப்படித்தான், காது கனத்துப் போகும். உட்காதின் நரம்பு செயலிழந்தாலும் அந்த மனிதர் உணர்வது இதே கனத்தைத்தான், இதே அடைப்பைத்தான். உள்ளிருந்து உணர்கிறவருக்கு மூன்றும் ஒன்று. அக்கா காத்திருந்தது அறியாமையால் அல்ல. அவருடைய காது கொடுத்த தகவல் அவ்வளவுதான்.

நெற்றியில் வைத்த இசைக்கவை

முதலில் அக்கா ஒரு பொது மருத்துவரிடம்தான் போனார். அவர் விளக்கடித்துப் பார்த்தார். குறும்பி இல்லை, செவிப்பறை பளபளப்பாக நன்றாக இருந்தது. மூக்கில் அடிக்கும் மருந்தும் ஒவ்வாமை மாத்திரையும் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். பார்க்கையில் காது நன்றாக இருந்தது என்பதே அங்கே எச்சரிக்கையாகியிருக்க வேண்டும். குழாயில் தடை இல்லை, பறை நன்றாக இருக்கிறது, நடுக்காதில் நீர் இல்லை, ஆனாலும் கேட்கவில்லை என்றால் கோளாறு அவற்றுக்கும் உள்ளே இருக்கிறது என்பதுதானே மிச்சம். அந்த வாரத்தில் இடது காதில் ஓயாத இரைச்சல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. பிறகுதான் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போனோம். நான் உடன் இருந்தேன்.

அந்த மருத்துவர் பெரிய கருவி எதையும் எடுக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து, தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரு கிளை உலோகக் கவையான இசைக்கவை ஒன்றை எடுத்து, தம் முழங்கையில் தட்டி, அதன் அடிக்காம்பை அக்காவின் நெற்றி நடுவில் வைத்தார். "ரெண்டு காதுலயும் சமமாக் கேக்குதாம்மா, இல்ல ஒரு பக்கமா?" என்றார். "வலது பக்கம்தான் டாக்டர், நல்ல காதுல" என்றார் அக்கா. மருத்துவர் அதை மறுபடியும் தட்டி வைத்தார், மறுபடியும் அதே பதில். "மூக்கு மருந்த நிறுத்திடுங்க. இப்பவே கீழ போயி ஆடியோகிராம் எடுத்துட்டு வாங்க, நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்து வரவேண்டியவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லி உதவியாளரிடம் சைகை காட்டினார்.

அந்தச் சோதனையின் சூட்சுமத்தை வீட்டிலிருந்தபடியே உணரலாம். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு வாயை மூடியபடி 'ம்ம்' என்று முனகினால், ஓசை அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். குறும்பியோ சளியோ அடைத்திருந்தாலும் அப்படியே. எலும்பின் வழியாக வரும் அதிர்வு நோயுற்ற காதை விட்டு நல்ல காதுக்குச் சாய்கிறது என்றால், அடைப்பு வழியில் இல்லை, உட்காதிலோ நரம்பிலோ பழுது இருக்கிறது. எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் என்ற ஜெர்மானியரின் பெயரால் வழங்கும் இந்தச் சோதனை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்றும் நோயாளியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. முனகிப் பார்ப்பது வீட்டில் நோயைக் கண்டறியும் வழி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முனகலின் பதில் எதுவானாலும், திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபலுக்குக் குறையாமல் கேட்கும் திறன் இறங்கினால் அதைத் திடீர் உட்காதுச் செவிட்டுத்தன்மை என்று வகைப்படுத்துகிறார்கள். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். பலர் தூங்கி எழும்போதுதான் கவனிப்பார்கள், அல்லது தொலைபேசியை அந்தக் காதில் வைக்கும்போது. அநேகருக்குக் காரணம் இன்னதென்று கடைசிவரை தெரிவதே இல்லை. ஒரு பகுதியினருக்குச் சிகிச்சை இல்லாமலே ஓரளவு திரும்பிவிடுகிறது என்பதால், இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதில் மருத்துவ உலகில் விவாதம் உண்டு. ஆனாலும் கொடுப்பதென்றால் முதல் இரண்டு வாரங்களுக்குள், எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மாத்திரை பலன் தராவிட்டால் செவிப்பறை வழியாக ஊசியாகவும் செலுத்துவார்கள். நரம்பின் மேல் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

அக்காவுக்குத் தாழ்ந்த ஓசைகள் பெருமளவு திரும்பின. உயர்ந்த ஓசைகள் திரும்பவில்லை. இரைச்சலும் முழுதாகப் போகவில்லை. முன்பே வந்திருந்தால் முழுதும் திரும்பியிருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. என் ஆற்றாமை அதைப் பற்றியது அல்ல. வாய்ப்பு இருந்த நாள்களில் பாதிக்கு மேல் மூக்கு மருந்துக்கே செலவானதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

நாறும் காது, சுற்றும் தலை

வலியில்லாத இன்னொரு காது உண்டு. "எனக்குச் சின்ன வயதிலிருந்தே காது வடியும்" என்று அதையும் ஒரு சுபாவமாகச் சொல்லிக்கொள்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விட்டுவிட்டு வடிகிறது, கொஞ்சம் நாறுகிறது, வலி இல்லை. செவிப்பறையின் ஓரத்தில் தோல் உள்வாங்கிப் பையாகி, நடுக்காதுக்குள் வளர்ந்து, கேட்பதற்கு உதவும் சிற்றெலும்புகளை அரித்துக்கொண்டிருக்கலாம். அது புற்றுநோய் அல்ல, ஆனால் எலும்பைத் தின்கிறது. முக நரம்பையும், அரிதாக மூளையின் உறையையும் எட்டிவிடும். சொட்டு மருந்து நாற்றத்தைக் குறைக்குமே தவிர அந்தப் பையை அகற்றாது, அதற்கு அறுவைச் சிகிச்சைதான் வழி. இது இன்று இரவே ஓட வேண்டிய நோய் அல்ல. ஆனால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடக் கூடியதும் அல்ல.

இரைச்சலும் அப்படித்தான். இரு காதிலும் மெலிதாகக் கேட்கும் ரீங்காரம் பெரும்பாலும் கேட்கும் திறன் குறைவதோடு கூடிவருவது, அஞ்சத்தக்கதல்ல. ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்தாலோ அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் உலகம் சுழன்று நிற்பது உட்காதின் நுண்துகள்கள் இடம் மாறியதால் வருவது. மருத்துவர் தலையை முறையாகத் திருப்பிப் படுக்கவைத்தே பலருக்கு அதைச் சரிசெய்துவிடுவார். ஆனால் சுழற்சியோடு நாக்குக் குழறினாலோ, கை கால் வலுவிழந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அது காதின் விவகாரமே அல்ல, பக்கவாதமாக இருக்கலாம், ஆம்புலன்ஸை அழையுங்கள். காது மடலில் கொப்புளங்களோடு முகம் கோணினால், அது சின்னம்மைக் கிருமி முக நரம்பைத் தாக்கியிருப்பதாக இருக்கலாம். அன்றே மருந்து தொடங்க வேண்டும். குழந்தையின் காதில் பொத்தான் பேட்டரி போய்விட்டால் சில மணி நேரத்தில் திசு வெந்துவிடும், சொட்டு எதுவும் விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விதை போயிருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊறிப் பெருத்துவிடும்.

மெல்ல மங்குவது

வலிக்காத காதுகளில் மிகப் பொதுவானது முதுமையில் மங்கும் காது. உலகில் 43 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சிகிச்சையோ மறுவாழ்வு உதவியோ தேவைப்படும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதலில் போவது உயர்ந்த அதிர்வெண்கள். ஆகவே உயிரெழுத்துகளின் முழக்கம் மிஞ்சி நிற்கும், மெய்யெழுத்துகளின் நுணுக்கம் கரையும். அவர்கள் சொல்வது "கேட்கவில்லை" என்றல்ல. "கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் விளங்கவில்லை" என்று. அதைக் கேட்டு வீட்டார் கத்துவார்கள். கத்தினால் ஏற்கெனவே கேட்கும் பகுதிதான் இன்னும் பெரிதாகும். முகத்துக்கு நேராக, நிதானமாகப் பேசுவது அதைவிடப் பயன் தரும். நடுத்தர வயதிலேயே தொடங்கும் செவிக் குறைபாட்டைக் கவனிக்காமல் விடுவது, பின்னாளில் மறதி நோய் வருவதற்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017 முதல் பட்டியலிட்டு வருகிறது. கருவி அணிந்தால் மறதி நோய் வராது என்று இதற்குப் பொருளில்லை. பேச்சிலிருந்து மெல்ல மெல்ல விலகிப்போகும் ஒரு மனிதரை அவ்வாறு விலகவிட வேண்டியதில்லை என்ற அளவில் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தைகளுக்கும் வலியில்லாமல் நடுக்காதில் பசை போன்ற நீர் தேங்குவதுண்டு. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் பிள்ளையையும், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையையும் கவனக்குறைவுக்காகத் திட்டும் முன் ஒருமுறை காதைச் சோதிக்கலாம். பெரும்பாலும் மூன்று மாதங்களில் வடிந்துவிடும். வடியாவிட்டால் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவதைப் பற்றி மருத்துவர் பேசுவார். பெரியவர் ஒருவருக்கு ஒரே காதில் இப்படி நீர் தேங்கி நின்றால் மூக்கின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும், அங்கே கட்டி ஏதும் குழாயை அடைக்கிறதா என்று.

என் அப்பா காதுக் கருவிக்குச் சம்மதிக்கவே ஆண்டுகள் ஆயின. வாங்கிய புதிதில் எல்லாமே இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றிவிடத் துணிந்தார். நெடுநாள் கேளாத ஓசைகள் ஒரே நேரத்தில் திரும்பும்போது மூளைக்கு அவற்றை ஒதுக்கப் பழக வாரக்கணக்கில் ஆகும் என்றும், முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசும்போது அணிந்து பழக வேண்டும் என்றும் செவித்திறன் நிபுணர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இப்போது பகல் முழுவதும் அணிகிறார். பாத்திரங்கள் மோதும் ஓசை மட்டும் இன்னும் கூராகக் குத்துகிறதாம்; அந்த அதிர்வெண்களை அடுத்த முறை வரும்போது குறைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.